நாங்கள் பிழை போட்ட ஓம்

அண்ணையின் தலையை மழித்தபோது அதைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், மூன்றாம் மாடியில், அவருடைய வீட்டில். கீழே தெருவில் சலூன் வைத்திருப்பவர் மெஷினும் சவரக்கத்தியுமாக ஏறி வந்திருந்தார். தொண்டையில் துளையிட்டுச் செருகிய குழாய் வழியாக யந்திரம் அண்ணைக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "வடிவாப் பிடியுங்கோ, குழாய் அசையப்படாது" என்று சலூன்காரர் சொல்ல, நான் இரண்டு கையாலும் தலையைத் தாங்கினேன். ஐம்பத்தெட்டு வயதிலும் ஒரு நரை விழாத அடர்ந்த முடி. அதில் அவருக்குப் பெருமை வேறு இருந்தது. முதலில் மெஷின், பிறகு நுரை, பிறகு கத்தி. கத்தி உச்சியில் இறங்கியபோது அவருடைய இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

"கண் காயுதெல்லே, அதுதான்" என்று அண்ணி பஞ்சால் ஒற்றினார்.

நானும் "ஓம், அதுதான்" என்றேன். என்னைப்போல ஒரு விசரன் இந்தப் பாரிசில் இல்லை.

அண்ணைக்கு வந்தது நரம்பு வருத்தம். இருபத்தைந்து வருடம் பிரெஞ்சுக்காரரின் ரெஸ்ரோறண்ட் குசினிகளில் வெங்காயம் வெட்டிய கை ஒரு நாள் கத்தியைக் கீழே போட்டது. அடுத்து கால், அடுத்து நாக்கு, அடுத்து மூச்சு. கடைசியில் கண் மட்டும் மிஞ்சியது. அவருடைய மகள் கண்ணாடி போன்ற ஒரு பலகையில் பிரெஞ்சு எழுத்துக்களை ஒட்டி அவர் முகத்துக்கு முன் பிடிப்பாள். அவர் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அதை நாங்கள் எழுதிக்கொள்வோம். பிரெஞ்சு எழுத்தில் யாழ்ப்பாணத் தமிழ் வரும். பாவம் என்று நினைக்காதீர்கள், மனிசனுக்கு வாய் அப்போதும் குறையவில்லை. "மொக்கு" என்று என்னைத் திட்டுவதற்காக மூன்று நிமிடம் மெனக்கெட்டு எழுத்தெழுத்தாகப் பார்ப்பார். நானும் கடைசி எழுத்து வரை பொறுமையாக எழுதிக்கொடுத்துத் திட்டு வாங்குவேன்.

அந்தக் காலத்தில்தான் ஊரில் எங்கள் அம்மா இறந்துபோனார். பங்குனி மாதம். செய்தி வந்தபோது நான் லா சப்பலில் வேலை செய்யும் பலசரக்குக் கடையில் நின்றேன். பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு, தொலைபேசியில் செத்தவீட்டைப் பார்த்தேன். தாய்க்கு இளைய மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும், மொட்டை அடிக்க வேண்டும். இளைய மகன் நான். பெரியப்பாவின் மகன் எனக்குப் பதிலாக மொட்டைத் தலையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தான். இங்கே முன்னால் ஒரு கிழவர் முருங்கைக்காய் என்ன விலை என்று கத்திக்கொண்டிருந்தார். நான் முகத்தைக் கழுவிவிட்டுப் போய் விலை சொன்னேன்.

அண்ணி என்னை மாடிப்படியிலேயே மறித்துவிட்டார். "தம்பி, இவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சால் இவரும் போயிடுவார். நீர் மொட்டையோடை வந்து நிண்டீரெண்டால் பாத்த உடனை விளங்கிப்போடும்."

நான் தலைமுடியை எடுக்கவில்லை. வழமைபோல எண்ணெய் வைத்து இழுத்துக்கொண்டு போய் அவர் முன் நின்றேன். மகள் மட்டும்தான் எதிர்த்தாள். "அது அவருடைய அம்மா, உங்களுடையதல்ல" என்று தாய்க்குப் பிரெஞ்சில் சொன்னாள். "உனக்கு எங்கடை ஆக்களின்ரை விசயம் விளங்காது, வாயை மூடு" என்று அண்ணி தமிழில் சொன்னார். நோயாளிக்குச் செத்தவீட்டுச் செய்தி சொல்வதில்லை என்பது எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம். வைத்தியர் சொல்லச் சொன்னாலும் சொல்லமாட்டோம், அந்த மனிசனே கேட்டாலும் சொல்லமாட்டோம்.

அவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அம்மாவுக்கு அழைத்து, தொலைபேசியை அவர் காதில் வைப்பது வழக்கம். அந்த ஞாயிறு பலகையில் அ-ம்-மா என்று பார்த்தார். "அம்மாக்குக் காது கேக்குதில்லையாம் அண்ணை, போனிலை கதைக்க ஏலாதாம்" என்றேன். அடுத்த ஞாயிறும் அ-ம்-மா. லைன் வேலை செய்யவில்லை என்றேன். ஆனி மாதத்தோடு கண்ணும் நின்றுபோனது. திறந்திருக்கும், ஆனால் எழுத்தைத் தேடிப் போகாது. பலகையைச் சுவரோடு சாத்தி வைத்தோம். உள்ளதைச் சொன்னால் எனக்கு ஒரு ஆறுதல்கூட வந்தது. இனி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

மூளை நல்லாத்தான் இருக்கிறது, காது கேட்கிறது, எல்லாம் விளங்குகிறது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு அந்த அறைக்குள் போவதே எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

மகள்தான் விடாமல் தேடி ஓர் ஆய்வுகூடத்தைப் பிடித்தாள். அங்கிருந்து ஒரு பெண் வந்தார். மெலிந்த, அமைதியான பிரெஞ்சுக்காரி. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், அதிலேயே அண்ணிக்குப் பிடித்துப்போனது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அண்ணையிடமே பேசினார். ஒரு தொப்பியைக் காட்டினார். அதன் உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன விளக்குகள், ஆனால் எரிவது தெரியவில்லை. சிவப்புக்கும் அப்பால் உள்ள ஒளி, கண்ணுக்குப் பிடிபடாது என்றார். டோர்ச்சின் மேல் உள்ளங்கையை வைத்தால் கை சிவப்பாகத் தெரியுமே, அதுபோல இந்த ஒளி தோலையும் எலும்பையும் கடந்து கொஞ்சத் தூரம் மூளைக்குள் போய்த் திரும்பி வரும். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்துக்குப் புது இரத்தம் ஓடும். இரத்தத்தில் ஒட்சிசன் கூடினால் திரும்பி வரும் ஒளியும் மாறும். அதை வைத்து, உள்ளே வேலை நடக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கலாம். மெதுவான வேலை, ஒரு பதிலுக்குக் கனக்க நொடி பிடிக்கும். கிடைப்பதும் ஓம், இல்லை என்ற இரண்டு சொல்தான்.

"அந்த இரண்டு சொல் எங்களுக்குப் போதும்" என்று மகள் சொன்னாள்.

நோகுதா அண்ணை? ஓம். ஜன்னலைத் திறக்கவா? இல்லை. அதற்குத்தான் நாங்கள் எல்லோரும் ஆலாய்ப் பறந்தோம்.

ஆனால் அந்த ஒளி அண்ணையின் தலைக்குள் போக மறுத்தது. அடர்ந்த கறுப்பு முடி ஒளியைக் குடித்துவிடுகிறதாம். கறுத்த தோலும் கொஞ்சம் குடிக்குமாம். அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னார். "விசாக் குடுக்கிற பிரெஃபெக்சரிலைதான் நிறம் பாக்கிறாங்கள் எண்டு நினைச்சன், உந்தக் கோதாரித் தொப்பியும் பாக்குதோ?" என்று நான் மகளிடம் முணுமுணுத்தேன். வகிடு பிரித்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. முழுதாக எடுத்தால் நல்லது என்றார். அப்படித்தான் சலூன்காரர் மேலே வந்தார், நான் தலையைப் பிடித்தேன்.

'ஓம்' என்று சொல்ல, வலது கையால் வெங்காயம் வெட்டுவதாக அண்ணை மனதில் நினைக்க வேண்டும். 'இல்லை' என்றால் சும்மா இருக்க வேண்டும். வெங்காயம் மகளின் யோசனை. "அப்பாவுக்கு அதை மறக்கவே ஏலாது" என்றாள், அதிசயமாகத் தமிழில். அவர் உண்மையிலேயே பதில் சொல்கிறாரா என்று தெரிய, எங்களுக்குப் பதில் தெரிந்த பத்து விசயங்களை நாங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் உண்மை வாக்கியம், ஒரு பொய் வாக்கியம். உண்மைக்கு அவர் ஓம் சொல்ல வேண்டும், பொய்க்கு இல்லை. ஆய்வுகூடம் ஓர் எல்லைக்கோடு போட்டு வைத்திருந்தது. சரியான பதில்கள் அந்தக் கோட்டுக்கு மேலே வந்தால் யந்திரத்தையும் ஆட்களையும் வீட்டுக்கே தருவார்கள், அண்ணை தினமும் எங்களோடு பேசலாம். கீழே வந்தால் அவ்வளவுதான்.

பத்தையும் அண்ணியும் நானும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயுள்ள மேசையில் இருந்து எழுதினோம். மகள் பாரிசில் பிறந்தவள், லண்டனில் பிறந்தவள். வீடு மூன்றாம் மாடி, ஆறாம் மாடி. ஏழு இப்படிப் போனது. அண்ணி பேனாவை நிறுத்திவிட்டுச் சொன்னார். "தம்பி, மாமியைப் பற்றியும் ஒரு மூண்டு போடுவம். அம்மா இருக்கிறா எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டால் அவருக்கும் ஒரு நிம்மதியெல்லே."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சொன்ன பொய்க்கு இன்னொரு பூச்சு. இதை இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது, அன்றைக்குக் கூசவில்லை.

வாக்கியங்களைப் பேசிப் பதிந்தது நான். அவருக்குப் பழகிய குரல் வேண்டுமாம். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் குறைந்த ஒரு திங்கட்கிழமை காலை, மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு வாசித்தேன். "அண்ணை, அம்மா ஊரிலை சுகமா இருக்கிறா." இது உண்மை என்ற பெட்டியில். "அண்ணை, அம்மா மோசம் போட்டா." இது பொய் என்ற பெட்டியில். மற்ற இரண்டும் இதே விசயம்தான், சொல்தான் வேறு. எங்கள் பக்கம் இறந்தவரை மோசம் போனார் என்போம். அந்தச் சொல்லை நான் அதுவரை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குரல் தடுமாறியதால் திரும்பப் பதியச் சொன்னார்கள். மூன்றாம் தடவை நல்லா வந்தது என்று அந்தப் பெண் பெருவிரலைக் காட்டினார்.

தொப்பியைப் போட்டு இரண்டு கிழமை நடந்தது. பெட்டியிலிருந்து என் குரல் காதில் மாட்டிய கருவி வழியாக அண்ணைக்கு மட்டும் போகும், பிறகு திரையில் ஒரு கோடு ஏறும் அல்லது படுத்துக் கிடக்கும். கோடு ஏறும்போதெல்லாம் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். உள்ளே அப்பா வெங்காயம் வெட்டுகிறார். எந்த வாக்கியத்துக்கு ஏறியது என்பது முடியும்வரை எங்களுக்குச் சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய விதி. அண்ணி நேர்த்தி வைத்தார். நான் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் "அண்ணை கதைக்கப்போறார்" என்று சொல்லித் திரிந்தேன்.

மார்கழியில் அந்தப் பெண் தாள்களோடு வந்தார். குசினியை விட்டால் வீட்டில் ஒரே பெரிய அறைதான். அண்ணையின் கட்டிலிலிருந்து மேசை இரண்டு எட்டு. பச்சைப் புள்ளி சரி, சிவப்புக் கீறு பிழை. மொத்தம் எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்துவிட்டது என்றார். மகளின் பிறப்பு, மாடி, வேலை செய்த இடம், எல்லாம் பெரும்பாலும் பச்சை. கடைசி மூன்று வரி முழுக்கச் சிவப்பு. அம்மா சுகமாக இருக்கிறார் என்றபோதெல்லாம் கோடு படுத்தே கிடந்திருக்கிறது. அம்மா மோசம் போட்டா என்றபோதெல்லாம் ஏறியிருக்கிறது. ஒருதடவை தப்பாமல்.

அந்தப் பெண் மொக்கு இல்லை. பேனாவை அந்த வரியில் வைத்து எங்கள் முகத்தைப் பார்த்தார். "தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் கேட்க வேண்டும். இந்த மூன்று வாக்கியங்களும் சரிதானா? தாயார் நலமாக இருக்கிறாரா?"

இரண்டு எட்டில் அண்ணை, கூரையைப் பார்த்தபடி. அவருக்குப் பிரெஞ்சு என்னைவிட நன்றாக விளங்கும். அண்ணி என் கையை மேசைக்குக் கீழே இறுக்கிப் பிடித்தார். நகம் பதிந்தது.

"ஓம், சுகமாக இருக்கிறார்" என்று நான் பிரெஞ்சில் சொன்னேன். அண்ணைக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்தே சொன்னேன்.

மகள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வெளியே போய்விட்டாள். அந்தப் பெண் ஒரு பிரதியை மேசையில் விட்டு மற்றத் தாள்களை அடுக்கினார், வருந்துகிறேன் என்று அண்ணையிடமும் சொன்னார், சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் வில்லியே லே பெல்லில் உள்ள என் வீட்டுக்குப் போக வழமைபோல ரயில் ஏறினேன். அண்ணைக்கு எப்படித் தெரிந்தது? மகள் சொல்லியிருப்பாளா? வந்து போனவர்கள் யாராவது உளறியிருப்பார்களா? முன் இருக்கையில் எங்கள் ஆள் ஒருவர் இருந்தார். மழித்த தலை, பத்துப் பதினைந்து நாள் முடி முளைத்திருந்தது, நெற்றியில் திருநீறு. பாவம், தாயோ தகப்பனோ என்று மனம் தன்பாட்டில் சொன்னது. ஐயோ கடவுளே! நான் மொட்டை அடித்தால் அண்ணை கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்து என் முடியைக் காப்பாற்றினேன். பிறகு அவருடைய தலையையே பிடித்துக் கொடுத்து மழித்தேன். தொப்பிக்காகத்தான் என்று அந்தப் பெண் அவருக்கு விளக்கியிருந்தார்தான். ஆனால் மாதக்கணக்காக அம்மாவின் குரல் கேட்காமல் கிடந்த மனிசனின் உச்சியில் கத்தி வைத்தால் அவர் என்னத்தை நினைப்பார்? கண் காய்கிறதாம், நானும் ஓமாம்.

அடுத்த நாள் மகள் கடைக்கு வந்தாள். கறிவேப்பிலைக் கட்டுகளுக்கு முன் நின்று பிரெஞ்சில் கேட்டாள்: "சித்தப்பா, நீங்கள் எழுதுகிறீர்களா, நான் எழுதவா?"

அந்தப் பெண்ணுக்கு நானே எழுதினேன். பிழை திருத்தியது மட்டும் அவள். அம்மா பங்குனியில் இறந்துவிட்டார், நாங்கள் மறைத்தோம், அண்ணையின் மூன்று பதிலும் சரி, அவற்றைப் பச்சையாக்கினால் கோட்டுக்கு மேலே வந்துவிடுவார் என்று எழுதினேன். பதில் மரியாதையாகவே வந்தது. முடிவைப் பார்த்த பிறகு எது உண்மை எது பொய் என்பதை மாற்ற ஒருவருக்கும் உரிமை இல்லையாம். அப்படி மாற்ற விட்டால் எந்த நோயாளியின் பதிலையும் யாரும் நம்பமாட்டார்களாம். "நான் உங்களிடம் கேட்டேன்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே, தன் மேலிடத்தில் பேசி இன்னொரு வாய்ப்பு வாங்கியிருப்பதாகவும், முற்றிலும் புதிய வாக்கியங்களோடு மாசியில் வருவதாகவும் எழுதியிருந்தார். அவரில் ஒரு குற்றமும் சொல்ல எனக்கு வாய் இல்லை.

மாசிக்குள் முடி திரும்ப வளர்ந்துவிட்டது. இந்த முறை சலூன்காரரைக் கூப்பிடவில்லை. அண்ணியை மரக்கறி வாங்க அனுப்பிவிட்டு நானே கத்தியை எடுத்தேன். பாதித் தலை எடுத்த பிறகு நிறுத்தி, அவர் முகத்துக்கு நேரே குனிந்தேன்.

"அண்ணை, அம்மா மோசம் போட்டா. போன பங்குனியிலை. நான் உங்களுக்கு மறைச்சுப் போட்டன். நீங்கள் சொன்னது சரி, நாங்கள்தான் பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கண்ணில் தண்ணீர் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மூச்சு யந்திரம் அதே கதியில் இழுத்து விட்டது. மிச்சத் தலையையும் எடுத்தேன், இரண்டு இடத்தில் கீறிவிட்டது.

புதிய வாக்கியங்களில் அம்மா இல்லை. உங்களுக்கு ஒரு மகள். நீங்கள் இருப்பது பிரான்சில். உங்கள் தம்பி ஒரு கடையில் வேலை செய்கிறான். முதல் நாள் கோடு ஒருக்காலும் ஏறவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு கிழமை என் குரல் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து அவர் காதுக்குப் போய்க்கொண்டே இருந்தது, கோடு படுத்தே கிடந்தது. வருத்தம் முற்றியிருக்கலாம், களைப்பாக இருக்கலாம், அவர் முயற்சி செய்ய விரும்பாமலும் இருக்கலாம், இதில் எது என்று இந்த ஒளி சொல்லாது என்றார் அந்தப் பெண். தொப்பியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். திரும்ப வரவில்லை.

அன்றைக்கே அண்ணி கேட்டார். "தம்பி, அவருக்குச் சொல்லிப்போட்டீரோ?"

"ஓம்."

"அப்ப நீர்தான் அவரின்ரை வாயை அடைச்சனீர்" என்றார். அதற்குப் பிறகு தேத்தண்ணி தருவார், பேசமாட்டார். எனக்கும் அவரிடம் சொல்ல நிறைய இருந்தது, வாக்கியம் எழுதிய பேனா யாருடைய கையில் இருந்தது என்று கேட்க இருந்தது. கேட்கவில்லை. மைக்கில் பேசிய வாய் என்னுடையது.

இப்போதும் கடை திறக்க முன் ஒவ்வொரு நாளும் மேலே போய் அவர் பக்கத்தில் இருக்கிறேன். தெருவில் நடப்பதைச் சொல்கிறேன். மொக்கு என்று ஒருதடவை திட்டுங்கோ அண்ணை என்று கெஞ்சியும் பார்த்தேன். கோபத்தில் பேசாமல் இருக்கிறாரா, பேச முடியாமல் இருக்கிறாரா என்று தெரிந்தால்கூட நான் நித்திரை கொள்வேன்.

வருகிறவர்கள் சில நேரம் கேட்பார்கள், கடைசியாக உங்கடை அண்ணை என்ன சொன்னவர் என்று. ஒன்றும் சொல்லவில்லை என்று தலையாட்டிவிடுகிறேன். மார்கழியில் வந்த அந்தத் தாள் என் பையில்தான் இருக்கிறது. அம்மா மோசம் போட்டா என்று நான் சொன்னேன், அவர் செயலற்ற கையால் வெங்காயத்தை வெட்டி வெட்டி ஓம், ஓம் என்று சொன்னார். ஒவ்வொரு ஓமுக்கு நேரேயும் ஒரு சிவப்புக் கீறு இருக்கிறது.